கையெழுத்துப் போடாதீங்க! ஐ.டி. ஆட்குறைப்பு பற்றி நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை



ஐ.டி. ஆட்குறைப்பைக் கண்டித்துப் போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு பதிவு போட்டோம். கீழே வந்த கருத்துகளை எல்லாம் படித்தோம். எதிரணி ஆட்கள் எழுதியதை விடுங்க, அது அவங்க வேலை. நம்ம ஆட்கள் எழுதினதுதான் உறுத்துது.

"லட்சக்கணக்குல சம்பளம் வாங்கினப்ப நம்மள எட்டிப் பாத்தாங்களா?"

"ஏ.சி. ரூம்ல உக்காந்தவங்களுக்கு எதுக்கு நாம கொடி பிடிக்கணும்?"

"பஸ் ஸ்ட்ரைக் நடந்தா நம்மளத் திட்டுற கூட்டம்தானே, படட்டும்."

மறைக்காமச் சொல்றோம், இந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கு. போக்குவரத்துத் தொழிலாளி வேலைநிறுத்தம் செஞ்சப்ப, "இவனுங்களை எல்லாம் டிஸ்மிஸ் பண்ணணும்"னு எழுதினவங்க அந்தக் கட்டடங்களுக்குள்ள இருந்தாங்க. அங்கன்வாடி அக்காங்க வெயில்ல உக்காந்தப்ப, டிராஃபிக் ஜாம்னு மட்டும் கவலைப்பட்டவங்களும் இருந்தாங்க. நாம மறக்கல.

ஆனா உங்க கோபம் போய்ச் சேருற இடம் தப்பு. இன்னைக்கு அந்த அறைக்குள்ள உக்கார வச்சு ஒருத்தர்கிட்ட ராஜினாமா எழுதி வாங்குற முறை நாளைக்கு உங்க கம்பெனிக்கும் வரும். வந்துட்டிருக்கு. அதனால இந்த ஒரு பதிவைப் பொறுமையா முழுசாப் படிங்க.

■ 'காஸ்ட் கட்டிங்' எங்கே ஆரம்பிக்கிறது?

"செலவைக் குறைக்கப் போறோம்" என்று மேலே முடிவு எடுத்ததும், முதல் வெட்டு விழுவது லேப்டாப் வைத்திருப்பவர் மேல் இல்லை.

முதலில் ஒரு மாடியைக் காலி பண்ணுவாங்க. மாடி காலியானா அந்த மாடியைக் கூட்டித் துடைச்ச அக்காவுக்கு வேலை போச்சு. வாசல்ல நின்ன செக்யூரிட்டி அண்ணனுக்கு வேலை போச்சு. கேண்டீன்ல ஒரு கவுண்டர் மூடுவாங்க, தோசை போட்டவர் ஊருக்குப் போவார். நைட் ஷிஃப்ட் கேபைக் குறைப்பாங்க. கடன் வாங்கி வண்டி எடுத்து ஓட்டிய டிரைவர் தவணை கட்ட முடியாம நிப்பார். இவங்க யாருமே 'ஆட்குறைப்பு' கணக்கில் வர மாட்டாங்க. ஏன்னா அவங்க பேர் கம்பெனி பதிவேட்டிலேயே கிடையாது. எல்லாரும் ஒப்பந்ததாரர் ஆட்கள்.

கற்பனையாச் சொல்லல. 2023 மே மாதம் காக்னிசன்ட் ஒரு செலவுக் குறைப்புத் திட்டத்தை அறிவித்தது. 3,500 பேர் வேலையை இழப்பார்கள் என்ற செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. கூடவே இன்னொரு வரி இருந்தது: இந்தியாவின் பெருநகரங்களில் 1.1 கோடி சதுர அடி அலுவலக இடத்தை விட்டுவிடுகிறோம். 1.1 கோடி சதுர அடியைத் தினமும் துடைத்த கைகள் எத்தனை? அந்தக் கணக்கை யாராவது கேட்டாங்களா? எந்த டிவி விவாதத்திலாவது வந்துச்சா?

அதுக்கப்புறம்தான் உள்ளே இருப்பவர்கள் மேல் விழும். வேரியபிள் பே முதல்ல பாதியாகும், அப்புறம் ஒண்ணுமே இருக்காது. அப்ரைசல் தள்ளிப் போகும். டெஸ்டிங் டீமை எடுத்துட்டு "டெவலப்பரே டெஸ்ட் பண்ணிக்கட்டும்" என்பார்கள். மூணு பேர் பார்த்த சப்போர்ட்டை ஒருத்தர் பார்ப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா அதே ஆள் எழுந்திரிக்கணும், காலையில ஒன்பது மணி மீட்டிங்குக்கும் அதே ஆள் வரணும்.

கடைசியாக ஒரு நாள் காலண்டரில் ஒரு மீட்டிங் வரும். தலைப்பு இருக்காது. உள்ளே ஹெச்.ஆர். இருப்பார்.

■ நட்டமா? கணக்கைப் பாருங்க

"கம்பெனி நட்டத்துல போனா என்னதான் பண்ணுவான்?" என்று சிலர் கேட்கிறீங்க. நட்டமே இல்லை என்பதுதான் விஷயம்.

நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ்.ஸை எடுத்துக்கங்க. 2024-25 நிதியாண்டில் அதன் நிகர லாபம் 48,500 கோடி ரூபாய்க்கு மேல். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்றே மாதத்தில் லாபம் 12,760 கோடி. முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட அதிகம். இந்த லாபக் கணக்கு வெளியான அதே ஜூலை மாதத்தில்தான் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரை வெளியேற்றப் போவதாக அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி நடுத்தர, மூத்த நிலை ஊழியர்கள் என்றும் சொன்னார்கள்.

அடுத்த காலாண்டு முடிந்தபோது ஊழியர் எண்ணிக்கை 19,755 குறைந்திருந்தது. தானாக விலகியவர்களும் இதில் உண்டு என்பது நிறுவனத்தின் விளக்கம். கட்டாய ராஜினாமா வாங்கப்படுகிறது என்று ஐ.டி. தொழிற்சங்கங்கள் புகார் சொன்னன, நிறுவனம் மறுத்தது. இந்த 'தானாக' என்ற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கங்க. கொஞ்ச நேரத்தில் அதுக்கு வருவோம்.

பணம் இல்லாமலா இந்த வெட்டு? சொந்தப் பங்குகளைப் பங்குதாரர்களிடமிருந்து திரும்ப வாங்க டி.சி.எஸ். 2022-ல் 18,000 கோடி ஒதுக்கியது. 2023-ல் 17,000 கோடி. 2025-ல் இன்ஃபோசிஸ் இதே காரியத்துக்கு 18,000 கோடி அறிவித்தது. பங்குதாரருக்கு அள்ளிக் கொடுக்க ஆயிரம் ஆயிரம் கோடி இருக்கு. 14 வருஷம் உழைச்சவருக்கு வேற புராஜெக்ட் கத்துக்க ஆறு மாசம் டைம் கொடுக்கக் காசு இல்லையாம்!

இன்னொன்று. 2025 ஜூனில் டி.சி.எஸ். ஒரு விதி கொண்டு வந்தது. வருஷத்துக்கு 225 நாள் வாடிக்கையாளருக்கு 'பில்' போடக்கூடிய வேலையில் இருக்கணும். பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. யோசிச்சுப் பாருங்க. புராஜெக்ட் பிடிச்சுட்டு வரவேண்டியது யார்? நிர்வாகம். ஆளை எந்த புராஜெக்ட்டில் போடணும்னு முடிவு பண்றது யார்? நிர்வாகம். புராஜெக்ட் வரலைன்னா தண்டனை யாருக்கு? ஊழியருக்கு. ஹோட்டல்ல கூட்டம் வரலைன்னா சப்ளையர்தான் காரணம்னு சம்பளத்தைப் பிடிக்கிற முதலாளியை நாம என்ன சொல்லுவோம்?

■ "தானா ராஜினாமா பண்ணிட்டாங்க" — இதுதான் உண்மையான காஸ்ட் கட்டிங்

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. உங்க வீட்டில், தெருவில் ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர் இருந்தா அவருக்கும் அனுப்புங்க.

ஒரு தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் நிறுவனம் என்ன தரணும்னு சட்டம் சொல்லுது. ஒரு மாத நோட்டீஸ், இல்லைன்னா ஒரு மாத ஊதியம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் ஊதியம். அரசுக்கும் தகவல் கொடுக்கணும். 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது, இப்போதைய தொழில் உறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. புதிய தொகுப்பில் மறுதிறன் நிதி என்று கூடுதலாக 15 நாள் ஊதியமும் சேர்ந்திருக்கு. 45 நாளுக்குள் அதைத் தொழிலாளியின் கணக்கில் போடணும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 14 வருஷம் வேலை பார்த்திருக்கார். சட்டக் கணக்கில் வரும் மாத ஊதியம் 60,000 ரூபாய் என்று வையுங்க. 15 நாளுக்கு 30,000. பதினாலு வருஷத்துக்கு 4,20,000. நோட்டீஸ் ஊதியம் 60,000. மறுதிறன் நிதி 30,000. மொத்தம் 5,10,000 ரூபாய்.

அதே ஆள் "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டா? இந்த 5,10,000-ல் ஒரு ரூபாய்கூடச் சட்டப்படி தர வேண்டியதில்லை. ஏன்னா அது ஆட்குறைப்பே இல்லை, விருப்ப விலகல். இப்படி ஆயிரம் பேர்கிட்ட ஒரு வரி வாங்கினா கம்பெனிக்கு மிச்சம் 51 கோடி.

இப்பப் புரியுதா, அந்த அறைக்குள்ள ஏன் அவ்வளவு அவசரம்னு? "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ராஜினாமா போட்டுடுங்க, நல்லபடியா அனுப்பி வைக்கிறோம். இல்லைன்னா டெர்மினேஷன்னு போட்டுடுவோம், ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அடுத்த கம்பெனி பேக்கிரவுண்ட் செக்ல மாட்டிப்பீங்க." இந்த மிரட்டலை அனுபவிச்சவங்க நம்ம கட்சியின் உதவி மையங்களுக்கு வந்து அழுதிருக்காங்க. ஆம்பளைங்க அழுதிருக்காங்க. வீட்டில் சொல்லாமல், காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு ஆபீஸ் போற மாதிரி கிளம்பிக் கேளம்பாக்கம் பக்கம் டீக்கடையில் சாயங்காலம் வரை உக்காந்துட்டுத் திரும்பியவர் இருக்கார்.

சட்டத்தில் இன்னொரு விதி இருக்கு. ஆட்குறைப்பு செய்தால் அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் சாதாரணமாக முதலில் போகணும். வேற மாதிரி செய்தால் காரணத்தை எழுத்தில் பதிவு பண்ணணும். ஐ.டி.யில் நடப்பது இதுக்கு நேர் தலைகீழ். 12 வருஷம், 15 வருஷம் ஆனவங்களை முதல்ல அனுப்புறாங்க. ஏன்? அவங்க சம்பளத்தில் மூணு புதுப் பசங்களை வேலைக்கு எடுக்கலாம். வளாகத் தேர்வில் எடுக்கிற பசங்களுக்கு ஆரம்பச் சம்பளம் பத்து வருஷத்துக்கும் மேலா வருஷத்துக்கு மூணரை லட்சத்தை ஒட்டியே நிக்குது. இந்தப் பத்து வருஷத்தில் பெருங்குடியில் ஒரு பி.ஜி. வாடகை என்ன ஆச்சு, ஒரு மீல்ஸ் விலை என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

■ யார் இந்த 'ஏ.சி. ரூம்' ஆள்?

நம்ம தோழர்கள் நினைக்கிற மாதிரி இவர் பரம்பரைப் பணக்காரர் இல்லை.

இவர் விருதுநகர் பக்கத்தில் ஒரு தீப்பெட்டித் தொழிலாளி மகன். இவர் தர்மபுரியில் மானாவாரிக் காடு வச்சிருக்கிற குடும்பத்தின் மகள். அந்த வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா தாலியை அடகு வச்சு, பேங்க்கில் கல்விக் கடன் வாங்கி, பொறியியல் கலந்தாய்வில் ஒரு சீட் எடுத்துப் படிச்சவர். இடஒதுக்கீட்டுக்காக இந்த மண்ணில் நடந்த போராட்டத்தின் பயன் அவர். முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவர். தம்பி படிப்பும் தங்கச்சி கல்யாணமும் அந்தச் சம்பளத்தில்தான். முப்பத்தி அஞ்சு வயசில் நாவலூரில் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், இருபது வருஷத் தவணை.

நாற்பது வயசில் அவரை வெளியே தள்ளினால் ஒரு ஆள் மட்டும் விழல. ஊரில் இருக்கிற அப்பாவின் மருந்துச் செலவும் சேர்ந்து விழுது. கம்பெனி போட்ட மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலையோடு சேர்ந்து போயிடுது. பொறியியல் படித்தால் குடும்பம் மேலே வரும் என்று நம்பிய ஒரு தலைமுறையின் நம்பிக்கையும் போகுது.

இவரைப் பார்த்துத்தான் "படட்டும்" என்று எழுதினீங்க.

■ வழக்கமாக வரும் நாலு கேள்வி

"கம்பெனி அவன் காசு, அவன் இஷ்டம்."

அவன் காசு மட்டுமா? 2005 சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தில் முதல் ஐந்து வருஷம் ஏற்றுமதி லாபத்துக்கு முழு வருமான வரி விலக்கு, அடுத்த ஐந்து வருஷம் பாதி விலக்கு கொடுத்தோம். சிறுசேரியில் சிப்காட் பூங்கா, சோழிங்கநல்லூரில் எல்காட் வளாகம், தரமணியில் டைடல் பார்க், எல்லாமே அரசு முன்நின்று உருவாக்கியது. ரோடு, தண்ணி, கரண்ட் எல்லாம் மக்கள் பணம். எதைச் சொல்லி வாங்கினாங்க? "வேலைவாய்ப்பு தருவோம்." அப்ப அந்த வேலை என்ன ஆச்சுன்னு கேட்கிற உரிமை மக்களுக்கு இருக்கு.

"ஏ.ஐ. வந்துடுச்சு, யார் என்ன பண்ண முடியும்?"

இதை அந்த நிறுவனமே சொல்லலையே! 12,000 பேர் அறிவிப்பின்போது, ஏ.ஐ.யால் இந்த வெட்டு இல்லை, திறன் பொருத்தமின்மையும் வேறு பணியில் அமர்த்த முடியாததும்தான் காரணம் என்று டி.சி.எஸ். தலைமை நிர்வாகியே பேட்டி கொடுத்தார். திறன் பொருந்தலைன்னா கத்துக் கொடுக்க வேண்டியது யார்? பதினஞ்சு வருஷம் ஒருத்தரை ஒரே பழைய மென்பொருளில் உக்கார வச்சு, அதுக்கு வாடிக்கையாளர்கிட்ட டாலரில் பில் போட்டு வாங்கிட்டு, கடைசியில் "உனக்குப் புதுசா எதுவும் தெரியல"ன்னு சொன்னா அது யார் குற்றம்? நாளைக்கு ஏ.ஐ. உண்மையிலேயே வேலையைக் குறைத்தாலும் அதன் லாபத்தில் உழைப்பவருக்குப் பங்கு வேணும். எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை எல்லாம் மெஷின் வந்த காலத்தில் தொழிலாளி போராடி வாங்கியதுதான்.

"ரொம்பப் பேசினா கம்பெனி ஹைதராபாத் போயிடும்."

இந்தப் பூச்சாண்டியைக் காட்டி எத்தனை வருஷமா வாயை அடைப்பீங்க? கம்பெனி இங்கே வர்றது நம்ம ஊர்ப் பொறியியல் பட்டதாரிகளுக்காக. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும் முதலீடு, முதலீடு என்றுதான் சொன்னாங்க. தொழிற்சங்கங்கள் கொதித்தன. சில நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். எந்தத் தொழிற்சாலையும் மூட்டை கட்டிக்கிட்டு ஓடல.

"அவங்க நமக்கு நிக்கல, நாம ஏன் நிக்கணும்?"

இதுதான் கஷ்டமான கேள்வி. நேராவே பதில் சொல்றோம். அவங்க நிக்காததுக்கு அவங்க மட்டும் காரணம் இல்லை. "நீங்க தொழிலாளி கிடையாது, 'அசோசியேட்'. யூனியன் எல்லாம் ஆலைக்காரனுக்கு" என்று இருபது வருஷமா பாடம் எடுத்தாங்க. நாமும் "இவங்க நம்ம ஆள் இல்லை"ன்னு ஒதுங்கிட்டோம். ரெண்டு பக்கமும் சேர்ந்து கட்டிய சுவர் அது. அந்தச் சுவருக்கு நடுவில் நின்னு லாபம் பார்த்தது முதலாளிதான். அடி விழுற நேரத்தில் கைகொடுத்தால்தான் அடுத்த போராட்டத்தில் அவங்க நம்ம பக்கம் நிப்பாங்க. அப்படிச் செய்யாம "படட்டும்"னு சொன்னா சுவர் இன்னும் ரெண்டு அடி உசரும்.

■ மலிவு வேலை, மக்களுக்குச் செலவு

'ஐ.டி. செலவு' என்றால் ஏதோ டீ, காபிச் செலவு மாதிரி நினைக்கிறாங்க. உங்க பேங்க் கணக்கு, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ரேஷன் கார்டு எல்லாமே இந்த மென்பொருள் மேல்தான் ஓடுது. அதைப் பார்த்துக்கிற அனுபவசாலியை அனுப்பிட்டால் என்ன ஆகும்?

2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்.பி.எஸ். வங்கிக் குழுமத்தில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு சொதப்பியது. 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிப்பு. சம்பளம் கணக்கில் ஏறல, பணம் எடுக்க முடியல, வாரக்கணக்கில் நீடித்தது. அதற்கு முன்பே ஐ.டி. பிரிவில் ஆட்களைக் குறைத்திருந்த வங்கி அது. அந்த வெட்டுதான் காரணம் என்று தொழிற்சங்கம் சொன்னது, வங்கி மறுத்தது. ஆனால் ஐ.டி. அபாயங்களைக் கையாளச் சரியான ஏற்பாடு இல்லை என்று சொல்லி 2014-ல் கண்காணிப்பு அமைப்புகள் போட்ட அபராதம் 5.6 கோடி பவுண்டு.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம். பனிப்புயல் வந்தது. மற்ற நிறுவனங்கள் ரெண்டு மூணு நாளில் எழுந்து நின்னன. இவங்களால் முடியல, ஏன்னா விமானிகளை எந்த விமானத்தில் போடுவது என்று பார்க்கும் மென்பொருள் பழசு, காசு மிச்சம்னு மாத்தாம வச்சிருந்தாங்க. சுமார் 16,900 விமானங்கள் ரத்து. 20 லட்சம் பயணிகள் கிறிஸ்துமஸுக்கு நடுவழியில். அமெரிக்க அரசு போட்ட அபராதம் 14 கோடி டாலர். இந்த மென்பொருள் ஒரு நாள் காலை வாரும்னு முன்கூட்டியே எச்சரித்தது யார் தெரியுமா? விமானிகளின் தொழிற்சங்கம்!

வேலை தெரிஞ்ச ஆளுக்குத்தான் எது உடையப் போகுதுன்னு தெரியும். அவருக்கு வேலைப் பாதுகாப்பு இருந்தால் வாயைத் திறந்து சொல்லுவார். "அடுத்த லிஸ்ட்டில் நம்ம பேர் வந்துடுமோ"ன்னு பயந்தால் வாயை மூடிக்குவார். அப்புறம் மாட்டிக்கிறது நீங்களும் நானும்.

■ சட்டம் யார் பக்கம்?

ஐ.டி.க்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது என்பது பச்சைப் பொய். தொழில் தகராறு சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-ல் தமிழ்நாடு அரசே தெளிவுபடுத்தியது. 2015 ஜனவரியில் வேலைநீக்க உத்தரவு பெற்ற கர்ப்பிணிப் பெண் ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது, நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஒரே ஒரு பெண், கையெழுத்துப் போடாமல் நீதிமன்றப் படி ஏறியதால் நடந்தது.

ஆனா ஓட்டைகளும் இருக்கு. 'மேனேஜர்' என்று பட்டம் கொடுத்துத் 'தொழிலாளி' என்ற வரையறைக்கு வெளியே தள்ளுவது முதல் ஓட்டை. பட்டம் முக்கியம் இல்லை, செய்யும் வேலை என்ன என்பதுதான் முக்கியம் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. லீவு கொடுக்கிற அதிகாரம்கூட இல்லாமல் நாள் முழுக்கக் கோடு எழுதுறவர் எப்படி மேனேஜர்?

ரெண்டாவது ஓட்டை பெரியது. 100 பேருக்கு மேல் இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேணும் என்ற பாதுகாப்பு ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் மட்டும்தான் இருந்தது. ஐ.டி.க்கு அது எப்பவுமே கிடையாது. ஐந்து லட்சம் பேர் வேலை பார்க்கும் கம்பெனி ஆயிரக்கணக்கில் அனுப்பினாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதை ஐ.டி.க்கும் விரிக்க வேண்டிய ஒன்றிய அரசு என்ன செஞ்சது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்த தொகுப்புகளில் ஆலைகளுக்கு இருந்த 100-ஐயும் 300 ஆக்கிவிட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை என்ற முறையை எல்லாத் தொழிலுக்கும் திறந்துவிட்டது. காலம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலைன்னா அது ஆட்குறைப்பே இல்லையாம். ஐ.டி.காரருக்கு இல்லாத பாதுகாப்பு ஆலைக்காரருக்கும் போகுது. இப்பச் சொல்லுங்க, "அவங்க பிரச்சினை, நமக்கு என்ன"ன்னு!

■ அந்த அறைக்குள் கூப்பிட்டால்

ஐ.டி.யில் இருக்கும் தம்பி, தங்கைகளே, இது உங்களுக்கு.

1. அங்கேயே கையெழுத்துப் போடாதீங்க. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வாங்க. உங்களைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

2. வெளியே வந்ததும் ஒரு மெயில் அனுப்புங்க. "இன்று இத்தனை மணிக்கு என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு விலக விருப்பம் இல்லை. தொடர்ந்து பணியாற்றத் தயார்." நாலு வரி போதும். சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் வச்சுக்கங்க.

3. நியமனக் கடிதம், சம்பள ரசீது, அப்ரைசல் கடிதம் எல்லாம் உங்க கையில் இருக்கட்டும். வாடிக்கையாளர் தகவல், கோடு எதையும் எடுக்காதீங்க. அதையே சாக்கா வச்சு உங்க மேல் வழக்குப் போடுவாங்க.

4. ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி உங்க உரிமை, ராஜினாமா செய்தாலும் உண்டு. "கையெழுத்துப் போட்டால் கிராஜுவிட்டி தர்றோம்" என்று யாராவது பேரம் பேசினால் ஏமாறாதீங்க.

5. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்க. தனி ஆளாகவும் தகராறு எழுப்பலாம். நாள் கடத்தாதீங்க.

6. சங்கத்தில் சேருங்க. எந்தக் கட்சிச் சங்கம் என்பது ரெண்டாவது. தனியா இருக்காதீங்க, அதுதான் முதல்ல.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவங்களும் மனசு விட வேண்டாம். மிரட்டி வாங்கியது என்று காட்ட முடிந்தால் வழி இருக்கு. வந்து பேசுங்க.

■ நாம் கேட்பது

ஒன்றிய அரசே, 100 பேருக்கு மேல் உள்ள ஐ.டி. நிறுவனங்களுக்கும் முன் அனுமதி விதியைக் கொண்டு வா! பட்டத்தைக் காட்டித் தொழிலாளி உரிமையைப் பறிக்கும் வரையறையைத் திருத்து!

மாநில அரசே, ஓர் ஆண்டில் 100 பேருக்கு மேல் 'ராஜினாமா' செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் கணக்குக் கேள்! ராஜினாமாவை ஏற்கும் முன் ஏழு நாள் திரும்பப் பெறும் அவகாசம் கட்டாயமாக்கு! நிலமும் சலுகையும் வாங்கிய நிறுவனம் ஆட்களை வெட்டினால் சலுகையைத் திரும்பப் பெறு! ஓ.எம்.ஆரில் தொழிலாளர் துறையின் தனி உதவி மையம் திற!

நிறுவனங்களே, வெளியேற்றும் முன் ஆறு மாதம் சம்பளத்தோடு பயிற்சி கொடுங்க! துப்புரவு, பாதுகாப்பு, கேண்டீன், கேப் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்த்து இழப்பீடு கொடுங்க!

■ கடைசியாக, நம் தோழர்களிடம்

உங்ககிட்ட மூணே மூணு விஷயம் கேட்கிறோம்.

ஒண்ணு, இந்தப் பதிவை, முக்கியமாக அந்த ஆறு குறிப்புகளை, உங்களுக்குத் தெரிஞ்ச ஐ.டி. ஊழியர் ஒருத்தருக்காவது அனுப்புங்க. அவர் நம்ம கட்சிக்கு ஓட்டுப் போடாதவராக இருந்தாலும் அனுப்புங்க.

ரெண்டு, வேலை போனவர் உங்க தெருவில் இருந்தால் நேர்ல போய்ப் பாருங்க. அறிவுரை வேண்டாம். "தனியா இல்ல நீங்க"ன்னு சொல்லிட்டு வாங்க, அது போதும்.

மூணு, அடுத்த தடவை "படட்டும்" என்று டைப் பண்ண விரல் போகும்போது, அந்த மாடியைத் துடைச்ச அக்காவை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க. லேப்டாப்காரர் விழுந்தால் அவங்களும் சேர்ந்துதான் விழறாங்க. அவங்க நம்ம ஆள்தானே?

லாபம் வந்தால் பங்குதாரருக்கு, சுமை வந்தால் தொழிலாளிக்கா? இனி நடக்காது!

மிரட்டி வாங்கும் ராஜினாமா ராஜினாமா அல்ல, வேலைநீக்கம்!

ஆலையிலும் அலுவலகத்திலும் உழைப்பவர் ஒருவரே!

ஒன்றுபடுவோம்! வெல்வோம்!

#கையெழுத்துப்போடாதே
#ஐடிஊழியரும்தொழிலாளியே
#கட்டாயராஜினாமாவைத்தடுப்போம்